மேளகர்த்தா பெயரிலிருந்தே ஸ்வரங்களைக் கண்டுபிடிப்பது எப்படி

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களையும் (ஏழு ஸ்வரங்களும் கொண்ட தாய் ராகங்கள், சுருக்கமாக மேளங்கள்) பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ராகத்தின் பெயருக்குள்ளேயே அதன் எண் இருக்கிறது. எண் கிடைத்தால் ஏழு ஸ்வரங்களும் கிடைத்துவிடும். 72 மேளத் திட்டத்தை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்தார். எண்ணோடு பொருந்தும் பெயர்கள் பிற்பாடு அமைந்தவை. தோடி 'ஹனுமதோடி' ஆனதும், கல்யாணி 'மேசகல்யாணி' ஆனதும், சங்கராபரணத்தின் முன்னால் 'தீர' சேர்ந்ததும் இதற்காகத்தான்.

முதலில் எண். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் எடுங்கள். எழுத்துக்கு எண் தரும் கடபயாதி முறையில் க, ட, ப, ய நான்கும் 1. அங்கிருந்து வடமொழி நெடுங்கணக்கு வரிசையில் எண்ணிக்கொண்டே போக வேண்டும்: க முதல் ஜ² வரை 1–9, ஞ 0, ட முதல் த⁴ வரை 1–9, ந 0, ப முதல் ம வரை 1–5, ய முதல் ஹ வரை 1–8. (எழுத்தின் மேல் உள்ள சிறு எண், தமிழில் ஒரே எழுத்தாக எழுதப்படும் வடமொழி ஒலிகளைப் பிரித்துக் காட்டுவது.) உயிர்க்குறிக்கு மதிப்பில்லை. கிடைத்த இரண்டு இலக்கங்களையும் திருப்பிப் போட்டால் மேள எண். மாயாமாளவகௌளை: ம 5, ய 1, திருப்பினால் 15.

தமிழில் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் எழுத்தில் க ஒன்றே. வடமொழியில் அது நான்கு ஒலி. நாடகப்ரியாவும் நடபைரவியும் தமிழில் ந, ட என்றே தொடங்குகின்றன. ஆனால் முன்னதில் ட (1), பின்னதில் ட² (2). அதனால்தான் ஒன்று 10, மற்றொன்று 20. தீரசங்கராபரணத்தின் 'தீ' த⁴, அதாவது 9, ர 2, ஆக 29. அதை த³ என்று கொண்டால் 28 வரும், அது ஹரிகாம்போஜி. ஆகவே க², த⁴ என்று எண் போட்டு அச்சிட்ட இசைப் புத்தகத்தைப் பார்த்தே பெயர்களைப் படியுங்கள்.

அடுத்து ஸ்வரங்கள். 1–36 சுத்த மத்யமம் (ம1), 37–72 ப்ரதி மத்யமம் (ம2). 36க்கு மேல் இருந்தால் 36ஐக் கழியுங்கள். பிறகு 1ஐக் கழித்து 6ஆல் வகுங்கள். ஈவோடு 1 சேர்த்தால் ரி-க ஜோடியின் எண். மீதியோடு 1 சேர்த்தால் த-நி ஜோடியின் எண். அந்த 1ஐக் கழிக்க மறந்தால் 6, 12, 18 போன்ற எண்கள் அடுத்த சக்கரத்துக்கு (ஒரே ரி-க ஜோடி கொண்ட ஆறு மேளங்களின் தொகுதி) தாவிவிடும்.

ஜோடிகள் ஆறு: ரி1 க1, ரி1 க2, ரி1 க3, ரி2 க2, ரி2 க3, ரி3 க3. த-நிக்கும் இதே வரிசைதான். ரி2 க1 கிடையாது, ஏனென்றால் சதுச்ருதி ரிஷபமும் (ரி2) சுத்த காந்தாரமும் (க1) ஒரே ஸ்வரஸ்தானம். மேசகல்யாணி: ம 5, ச 6, எண் 65. 65-இல் 36 போக 29. 1 போக 28. ஆறால் வகுக்க ஈவு 4, மீதி 4. இரண்டும் ஐந்தாவது ஜோடி: ரி2 க3 ம2 ப த2 நி3.

கூட்டெழுத்து வந்தால் பொறுமை வேண்டும். தர்மவதியில் 'ர்ம'வின் பின்னெழுத்து ம (5) கணக்கில் வருகிறது, எண் 59. சக்ரவாகத்தில் 'க்ர'வின் முன்னெழுத்து க (1) வருகிறது, எண் 16. இதற்கு ஒரே விதி இல்லை. இரண்டு வழியிலும் கணக்கிட்டு, தம்பூராவோடு பாடிப் பாருங்கள். சக்ரவாகத்துக்குப் பின்னெழுத்தை எடுத்தால் 26, சாருகேசி வந்து நிற்கும். ஸ பாடி ரிஷபத்தைத் தொட்டதுமே எது சரி என்று காது சொல்லிவிடும்: 16இல் ரி1, 26இல் ரி2.