கப்போயிரா: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சண்டையும் நடனமும் இசையும் கலந்த, பிரேசிலின் கப்போயிராவைப் பற்றிப் பேசும்போது பலரும் செய்யும் பெரிய தவறு, ஏழைப் பிள்ளைகளை நல்வழிப்படுத்த யாரோ கொண்டுபோய்க் கொடுத்த விளையாட்டு என்று நினைப்பது. அது அந்த ஏழைகளே உருவாக்கிய கலை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் வளர்த்தது. 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. 1890இலேயே வந்த தண்டனைச் சட்டம் தெருவில் கப்போயிரா ஆடுவதைக் குற்றமாக்கியது. இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை.

பண்ணை முதலாளியை ஏமாற்றச் சண்டையை நடனமாக மறைத்தார்கள் என்ற கதையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்துப் பதிவுகளில் கப்போயிரா தென்படுவது பெரும்பாலும் ரியோ டி ஜெனிரோ நகரத்துப் போலீஸ் கைதுப் பதிவேடுகளில்தான்.

அப்புறம், குட்டிக்கரணத்தை மட்டும் பார்த்துவிட்டு இசையை விட்டுவிடுவது. வில்லில் கம்பி கட்டி, சுரைக்குடுவை பொருத்திய பெரிம்பாவ் என்ற இசைக்கருவிதான் அங்கே தலைமை. ரோடா எனப்படும் வட்டத்துக்குள் ஆட்டம் எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். அது கூப்பிட்டால் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதன் முன்னால் வந்துவிட வேண்டும். கவலாரியா என்ற தாளம், குதிரைப் போலீஸ் வருவதை எச்சரிக்க வாசிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். பாட்டுக்குப் பதில் பாடாமல், கைதட்டாமல் சும்மா நிற்பவர் ரோடாவின் பலத்தைக் குறைக்கிறார். அங்கோலா பாணியில் தரையோடு தரையாக மெதுவாக ஆடுவதைக் கற்றுக்குட்டி ஆட்டம் என்று எடைபோடுவதும் தவறு; மூத்த ஆசான்களின் தந்திரமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

புகழ் வந்தால் சோறும் வந்துவிடும் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. அங்கோலா பாணியின் பெரிய ஆசான் (மெஸ்த்ரே என்றால் ஆசான்) மெஸ்த்ரே பாஸ்தீன்யா 1966இல், எழுபது தாண்டிய வயதில், செனகல் நாட்டின் டக்காரில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்குப் போனவர். பிரேசிலின் சால்வடோர் நகரத்தில், பெலோரீன்யு பகுதியில் அவர் பள்ளி இருந்த கட்டடம், புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் அவரிடமிருந்து பறிபோனது. பார்வையிழந்து, வறுமையில் 1981இல் இறந்தார். ரெஜியனால் என்ற இன்னொரு பாணியை உருவாக்கிய மெஸ்த்ரே பிம்பா ஆதரவு கிடைக்காமல் சால்வடோரை விட்டே போய், 1974இல் பிரேசிலின் கோயானியா நகரத்தில் இறந்தார். கப்போயிராவுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் 2014இல்தான் வந்தது.

கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், சொல்லித்தருபவரிடம் அவருடைய மெஸ்த்ரே யார் என்று கேளுங்கள். கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.