பேசில்லஸ் சீரியஸை இனம் காண்பது எப்படி

பேசில்லஸ் சீரியஸ் உணவை நஞ்சாக்கும் ஒரு பாக்டீரியா. வேகவைத்த சோற்றிலும் இதன் வித்துகள் (சூட்டைத் தாங்கும் உறக்க நிலை) பிழைத்திருக்கும். அதனால் இந்த இனத்தில் நான் கறாராக இருப்பேன்.

எங்கள் சிங்கப்பூர் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் கிராம் சாயத்தில்தான் தொடங்குவோம்; இது பாக்டீரியாவை ஊதா நிற கிராம்-பாசிட்டிவ், சிவப்பு நிற கிராம்-நெகட்டிவ் என்று பிரிக்கும். பாக்டீரியாவைப் பூசிய ஸ்லைடு தானாகக் காயட்டும். லேசாகச் சூடுகாட்டி, கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம். அப்புறம் ஆல்கஹால், சில வினாடிகள்தான். இங்கேதான் பலருக்கும் கெடும்: கூடினால் ஊதா கழன்று, கிராம்-நெகட்டிவ் போலத் தெரியும். கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம்.

ஊதாக் கோல்களுக்குள் சாயமேறாத வித்து தெரிகிறதா? சாயமேற்றாத அதே பாக்டீரியாவை எடுத்து அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் பெரும்பாலும் பேசில்லஸ் பேரினம். வித்து உண்டாக்கும் இன்னொரு பேரினமான கிளாஸ்ட்ரிடியம் பொதுவாக நுரைக்காது.

சரி, இனம்? முட்டை மஞ்சள், மானிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்), ஃபீனால் ரெட் (அமிலத்தில் மஞ்சளாகும் நிறங்காட்டி) சேர்ந்த அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில், இதே பேரினத்தின் சப்டிலிஸ் மானிட்டாலை நொதித்து மஞ்சளாகும். சீரியஸ் மானிட்டாலை நொதிக்காது; இளஞ்சிவப்பாக, சுற்றிலும் வெண்படிவோடு வளரும். இதே பேரினத்தின் இன்னொரு இனமான துரிஞ்சியென்சிஸும் அப்படியே வளரும். அதைப் பிரிக்க, துரிஞ்சியென்சிஸ் உண்டாக்கும் புரதப் படிகத்தை நுண்ணோக்கியில் தேடுங்கள்.