விண்டோஸ் 10-லேயே இருப்பதா, 11-க்குப் போவதா: சேலத்துக் கடைகளிலும் ஏற்காட்டு எஸ்டேட்களிலும் நடக்கும் தவறுகள்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் பில்லிங் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் நாலைந்து வயர் தொங்கும். ஒன்று வெள்ளி நிறுக்கும் தராசுக்குப் போகும், ஒன்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு, இன்னொன்று பக்கத்து அறையில் கணக்கெழுதுகிறவரின் கம்ப்யூட்டருக்கு. முன்பக்கத்தில் டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் செருகியிருக்கும். பழைய விண்டோஸிலேயே இருக்கலாமா, புதியதுக்குப் போகலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வயர்களில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஃபார்மேட் ஆன மறுநாள் தராசு பேசாது, பில் கோணலாக வரும், வியாபாரம் இரண்டு நாள் நிற்கும்.

அதனால் முதல் வேலை பேனாவும் தாளும். கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் ஒவ்வொரு சாதனத்தையும், தினமும் திறக்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் எழுதுங்கள். பிறகு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

“ஓடுகிறது, அது போதும்” என்று விட்டுவிடுவது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். அன்றைக்குப் பிறகும் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் தானாக வராது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். அதன்படி 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும். அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்யாத கம்ப்யூட்டருக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. விண்டோஸ் பொத்தானோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்தி, ‘வின்வர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் எந்தப் பதிப்பு என்று காட்டிவிடும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கடைகள் லீ பஜார் பக்கம் உண்டு. அதன் ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. குரோம் பிரவுசரும் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் வங்கித் தளத்தையோ ஜிஎஸ்டி தளத்தையோ திறப்பதை இன்றே நிறுத்துவது நல்லது.

‘ஐ7’ என்ற பெயரைப் பார்த்துப் பழைய லேப்டாப் வாங்குவது

கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்கள் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவதில் தவறில்லை, பார்க்க வேண்டிய ப்ராசஸர் சிப் எண்ணைப் பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தையதும்தான் விண்டோஸ் 11-க்கு ஏற்றுக்கொள்ளப்பட்டவை. ஐ5-7200 என்று தொடங்கினால் அது ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டு. ஐ3-1115 என்றால் பதினொன்று. ஏழாம் தலைமுறை ஐ7-ஐ விட எட்டாம் தலைமுறை ஐ5 உங்களுக்கு நெடுநாள் உழைக்கும். லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு தலைமுறை சிப்பும் வந்திருக்கிறது. கடையிலேயே ஆன் செய்து, செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய் எண்ணைக் கண்ணால் பாருங்கள்.

குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு இடம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. 4 ஜிபியில் கணக்கு சாஃப்ட்வேரான டேலியையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தாலே மூச்சு வாங்கும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாத கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட வேண்டாம். சுழலும் ஹார்ட் டிஸ்கில் போட்டால் காலையில் ஆன் செய்த பின் பல நிமிடம் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து விண்டோஸ் 11-ஏ மோசம் என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம்.

“ஏற்காது” என்று வந்ததும் கம்ப்யூட்டரையே மாற்றுவது

தலைமுறை சரியாக இருந்தும், விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்ற சோதனையில் சிவப்புக் குறி வருகிறதா? பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைந்திருக்கும். இன்டெல்லில் அதை பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் எழுதியிருப்பார்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அதை இயக்கினால் போதும். டிஸ்க் ஏற்கெனவே விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். மறந்தால் அடுத்த முறை ஆன் ஆகும்போது 48 இலக்கச் சாவியைக் கேட்கும்.

இரண்டாவது தடை டிஸ்க். பழைய முறையான எம்பிஆரில் பிரித்த டிஸ்க் என்றால், யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்ற அதை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்குக் கொண்டுவர வேண்டும். விண்டோஸ் 10-லேயே ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி இருக்கிறது. டேட்டா அழியாமல் மாற்றும். ஆனால் நம்ம ஊரில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் சி, டி, இ, எஃப் என்று நாலு டிரைவ் பிரித்துக் கொடுப்பது வழக்கம். எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ, மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தாலோ இந்தக் கருவி ஒத்துக்கொள்ளாது. முதலில் ‘வேலிடேட்’ என்ற சோதனையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அது தோற்றால், இ, எஃப் டிரைவ்களில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பார்ட்டிஷன்களை நீக்கிய பிறகு மறுபடி ஓட்டுங்கள். டேட்டா அழியாது என்பதற்காக பேக்கப் எடுக்காமல் தொடங்கவும் வேண்டாம்.

வரிசையும் முக்கியம். டிஸ்கை மாற்றாமல் பயாஸை யுஇஎஃப்ஐ-க்குத் திருப்பினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. டிஸ்க் போய்விட்டது என்று பயந்து புதிய டிஸ்க் வாங்கியவர்களும் உண்டு. பயாஸைப் பழையபடி லெகஸிக்குத் திருப்பினால் திரும்ப வந்துவிடும்.

சோதனையைத் தாண்டிப் போடும் குறுக்கு வழி

ரூஃபஸ் போன்ற கருவியால் டிபிஎம், சிப் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தரலாம் என்பார்கள். போட முடியும். ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் அதே குறுக்கு வழியில் கையால் போட வேண்டும். கோர் 2 டூயோ காலத்துச் சிப்களில் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. அதற்குத் தேவையான பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் அந்தச் சிப்பில் இல்லை. பிள்ளைகள் பழகும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைச் செய்து பார்க்கலாம். கடைக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் கூடவே கூடாது.

தராசையும் பிரிண்டரையும் கேட்காமல் மாற்றுவது

சேலத்துக்கு இதுதான் பெரிய தலைவலி.

தராசிலிருந்து வரும் சீரியல் வயரை யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிளுக்குள் ஒரு சிப் இருக்கிறது. பழைய கேபிள்களில் பெரும்பாலும் புரோலிஃபிக் பிஎல்2303 வகை. அதில் எச்எக்ஸ்ஏ என்ற பழைய சிப்பை விண்டோஸ் 11-இல் வரும் புதிய டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு, இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரி வரும். தராசு கெட்டுவிட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

புதிய கேபிள் செருகியதும் இன்னொன்று நடக்கும்: போர்ட் எண் மாறும். சாஃப்ட்வேர் காம் 1-ஐ எதிர்பார்த்துக்கொண்டிருக்க, கேபிள் காம் 5-இல் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய்ப் பழைய எண்ணையே கொடுங்கள். விண்டோஸை மாற்றும் முன்பே, பாட் ரேட், பேரிட்டி (தராசு டேட்டா அனுப்பும் வேகமும் முறையும்) இரண்டையும் பழைய கம்ப்யூட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். ஒரு எண் தவறினாலும் எடைக்குப் பதில் கிறுக்கல் எழுத்து வரும்.

டாட் மேட்ரிக்ஸில் கஷ்டம் பேப்பர் அளவில்தான். பத்துக்கு ஆறு அங்குல பில் பேப்பருக்காகப் பழைய விண்டோஸில் யாரோ ஒரு ‘ஃபார்ம்’ உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள். ஃபார்மேட்டில் அது போய்விடும். ஏ4 என்று நினைத்து பிரிண்டர் அடித்துத் தள்ளும்; ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு பேப்பர் வீணாகும். பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் அந்த அளவை மறுபடி உருவாக்கி, பிரிண்டரின் விருப்ப அளவாகத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்து அறைக் கம்ப்யூட்டரும் கணக்கில் உண்டு. விண்டோஸ் 11 புரோ 24எச்2-இல், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேரிங் நின்றுவிட்டது. இதுவரை பாஸ்வேர்டு கேட்காமல் திறந்த ஃபோல்டர் திடீரென்று திறக்காது. பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அதைக் கொண்டு நுழையுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஃபாக்ஸ்புரோ பில்லிங்கை மறந்துவிடுவது

ஃபாக்ஸ்புரோவில் எழுதி, கறுப்புத் திரையில் ஓடும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கால பில்லிங் சாஃப்ட்வேர், மொத்த வியாபாரக் கடைகளிலும் ஜவ்வரிசி ஆலைகளிலும் இன்றும் இருக்கலாம். அது 16 பிட் சாஃப்ட்வேர். 32 பிட் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸ், விடாஸ் போன்றவற்றுக்குள் ஓட்டலாம். பிரிண்ட் வருகிறதா, ஒரே ஃபைலை இரண்டு பேர் திறந்தால் தாங்குகிறதா என்று ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். 32 பிட் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு அதன் மேலேயே அப்கிரேட் செய்யவும் முடியாது. சுத்தமாக ஃபார்மேட் செய்துதான் போட வேண்டும்.

பழைய கணக்கு பார்க்க மட்டும் அது தேவை என்றால், பழைய கம்ப்யூட்டரை நெட் வயரைப் பிடுங்கிவிட்டு அப்படியே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது சரியான முடிவு.

டேலி லைசென்ஸைத் திருப்பாமல் ஃபார்மேட் செய்வது

டேலி லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது. ஃபார்மேட்டுக்கு முன்பு டேலிக்குள்ளேயே ‘சரண்டர்’ செய்தால்தான் மறுபடி சிக்கலில்லாமல் ஆக்டிவேட் ஆகும். டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையிலேயே தெரியும். பலருக்கு அது சி டிரைவில் பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும். டி டிரைவில்தான் எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சி-யை அழித்தால் வருடக் கணக்கே போய்விடும். பேக்கப்பை பெண்டிரைவில் எடுத்தால் போதாது. அதை வேறு ஒரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாள் பார்த்தும் செய்யுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி இருபதாம் தேதி. இருபத்திரண்டுக்கு மேல் மாத முடிவுக்குள் மாற்றினால், டோக்கன் டிரைவர் தகராறு செய்தாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

சர்வீஸ்காரரின் மெயில் ஐடியில் விண்டோஸ் போட விடுவது

விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அவசரத்துக்குப் போடுகிறவர் தன் மெயிலையே கொடுத்துவிடுவார். 24எச்2-ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். பூட்டின் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். மதர்போர்டு மாற்றும் நாளில் சாவி கேட்கும்போது உங்கள் டேட்டா இன்னொருவர் மெயிலில் அடகு இருக்கும். உங்கள் மெயிலைக் கொடுங்கள். போட்டு முடித்ததும் சாவியைப் பிரிண்ட் எடுத்து பீரோவில் வையுங்கள்.

கூடவே ஒன்டிரைவையும் கவனியுங்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டையும் அது மேகத்துக்கு, அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்புக்கு, ஏற்றிவிடும். இலவச இடம் 5 ஜிபி மட்டும்தான்.

மலையில் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸுக்கும் ஹோம்ஸ்டேக்கும் இந்த ஒன்டிரைவ் விஷயம் இன்னும் கடுமை. சிக்னல் போனால் மேகக் குறி போட்ட ஃபைல் திறக்காது. தோட்டத்தில் பறிப்பவர்களின் (பிக்கர்) கூலிக் கணக்கு அதில் மாட்டிக்கொண்டால் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். ஒன்டிரைவ் பேக்கப்பை அணைத்துவிட்டு, ஃபைல்களை டிஸ்கிலேயே வைத்திருங்கள்.

விண்டோஸ் 11-இன் ஃபைல் 5 ஜிபிக்கு மேல். மலை மேல் மொபைல் டேட்டாவில் இறக்க உட்காராமல், சேலத்திலேயே 16 ஜிபி பெண்டிரைவில் ஏற்றிக்கொண்டு மேலே போங்கள். அந்த லேப்டாப்பின் வைஃபை டிரைவரையும் அதே பெண்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பாதி வேலையில் வைஃபையே தெரியாமல் நெட் கேட்டு நிற்கும்போது, போனை யுஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் கொடுத்தால் நகரும். பயாஸ் அப்டேட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே செத்துவிடலாம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம்.

புக்கிங் பார்க்க, மெயில் அனுப்ப மட்டும் ஒரு பழைய ஆறாம் தலைமுறை லேப்டாப் இருக்கிறது என்றால், எஸ்எஸ்டி ஒன்று மாட்டி லினக்ஸ் மின்ட் 22 போடலாம். 2029 வரை அப்டேட் உண்டு. டேலி அதில் நேரடியாக ஓடாது என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ அப்கிரேட் செய்தவர்களுக்குப் பத்து நாள் அவகாசம் இருக்கிறது: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் ‘கோ பேக்’. அந்தப் பத்து நாளும் டிஸ்க் கிளீனப் எதையும் ஓட்டாதீர்கள். பழைய விண்டோஸ் இருக்கும் ஃபோல்டரை அது அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபடும். முதல் நாளே தராசில் ஒரு கொலுசை வைத்து நிறுத்து, பில் போட்டு, பிரிண்ட் எடுத்து, டோக்கன் செருகிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்து அறையிலிருந்து அந்த பில்லைத் திறந்து பாருங்கள். ஐந்தில் ஒன்று நின்றாலும், எட்டாம் நாளுக்குள் சரிவரவில்லை என்றால், திரும்பிவிடுங்கள்.