பிளக்-இன் ஹைபிரிட் வண்டி: டெல்டாவில் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து, "இது கரண்ட்டில் ஓடுகிறதா, பெட்ரோலில் ஓடுகிறதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. இரண்டிலும் ஓடும் என்று சொன்னால், "அப்படியானால் கவலையே இல்லை" என்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், சென்னையில் ஒருவர் சில காலம் ஓட்டிவிட்டு விற்ற இந்த வண்டியை வாங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் கவலை இரண்டு மடங்கு. மின்வண்டிக்கு உரிய பராமரிப்பும் பெட்ரோல் வண்டிக்கு உரிய பராமரிப்பும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றைக் கவனிக்கும்போது மற்றொன்றை மறந்துவிடுவதிலிருந்துதான் ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் பிறக்கின்றன. அவற்றில் பலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதல் தவறு வாங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நம் சாலைகளில் அதிகம் தென்படும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் ஹைபிரிட் வகைகளில் செருகும் துளையே கிடையாது. அவற்றின் பேட்டரி ஒன்றிரண்டு யூனிட்டுக்கு மேல் கொள்ளாது, அதையும் வண்டியே ஓட்டத்தில் நிரப்பிக்கொள்ளும். பிளக்-இன் ஹைபிரிட்டின் பேட்டரி பத்து யூனிட்டுக்கு மேலும் கொள்ளும், வீட்டு மின்சாரத்தில் நிரப்ப வேண்டும். இந்தியாவில் இந்த வகை இதுவரை பெரும்பாலும் வால்வோ எக்ஸ்சி90, பி.எம்.டபிள்யூ எக்ஸ்எம் போன்ற விலையுயர்ந்த வண்டிகளாகவே வந்திருப்பதால், நம் பக்கத்தில் ஒருவர் வைத்திருந்தால் அது என்னுடையதைப் போல இரண்டாம் கையாக வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வாங்குகிறவர் பெயின்டையும் டயரையும் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. பேட்டரியை முழுவதும் நிரப்பச் சொல்லி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் தானாக விழிக்கும் வரை ஓட்டி, எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். விற்பவர் காட்டும் எந்தக் காகிதத்தையும்விட அந்த எண் உண்மையைச் சொல்லும்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகளில் தலையாயது, சார்ஜ் போடாமலே ஓட்டுவது. சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் உலகம் முழுவதும் இதுதான் நடக்கிறது. சாலையில் ஓடும் வண்டிகளின் கருவிகளே பதிவு செய்த எரிபொருள் கணக்கைத் திரட்டி 2024-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கை, பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சோதனைச்சாலையில் காட்டிய கரியமில வாயுவைப் போலச் சராசரியாக 3.5 மடங்கு வெளியிடுகின்றன என்று கண்டது. வண்டியின் பொறியியல் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் பிளக்கைச் செருகவில்லை. சார்ஜ் இல்லாத பிளக்-இன் ஹைபிரிட், நூறு கிலோவுக்கு மேற்பட்ட பேட்டரியைச் சுமந்துகொண்டு திரியும் சாதாரண பெட்ரோல் வண்டிதான். என் வண்டி அந்த நிலையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய். சுவரிலிருந்து 12 யூனிட் எடுத்தால் 34 கிலோமீட்டர் போகிறது. யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று உயர்த்தியே கணக்கிட்டாலும் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் சில்லறைதான் ஆகிறது.

யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று நான் உயர்த்திச் சொன்னதற்கும் காரணம் உண்டு. தினமும் 12 யூனிட் வீதம் மாதத்தில் 25 நாள் ஏற்றினால், இரண்டு மாதக் கணக்கில் 600 யூனிட் வண்டிக்கே போய்விடும். நம் வீட்டு மின்கட்டண அடுக்கில் 500 யூனிட்டைத் தாண்டுவது ஒரு படி ஏறுவது போன்றதல்ல. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமின்றி, கீழ் அடுக்கிலிருந்த சில யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை உயர்கிறது. வண்டி வந்தபின் முதல் மின்கட்டணக் கார்டைப் பார்த்து நான் மீட்டர் பழுது என்று நினைத்தேன். வண்டியின் செலவைக் கணக்கிடுகிறவர், வண்டி இல்லாமல் வந்த கட்டணத்தையும் வண்டியோடு வந்த கட்டணத்தையும் கழித்துப் பார்க்க வேண்டுமே தவிர, கடைசி அடுக்கின் விலையை மட்டும் பெருக்கிப் பார்க்கக் கூடாது.

அடுத்தது, எந்த இடத்தில் மின்சாரத்தைச் செலவழிப்பது என்ற கணக்கு. டெல்டாவின் ஊர்கள் இந்த வண்டிக்கு அளந்து வைத்தது போலவும், ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் வேண்டுமென்றே கூட்டி வைத்தது போலவும் அமைந்திருக்கின்றன. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். என் வண்டியின் மின்சாரம் பாபநாசத்தையும் அய்யம்பேட்டையையும் தாண்டி, தஞ்சாவூரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தீர்ந்துபோகிறது. அதாவது, சீராக ஓடக்கூடிய வெளிச்சாலையில் மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு, நின்று நின்று போக வேண்டிய நகர நெரிசலில் எஞ்சினை உறுமவிடுகிறோம். இது தலைகீழ். பெட்ரோல் எஞ்சின் சீரான வேகத்தில்தான் சிக்கனமாக இருக்கும். மோட்டாரோ பேருந்து நிலைய நெரிசலில்தான் தன் திறமையைக் காட்டும், பிரேக் பிடிக்கும் ஆற்றலில் ஒரு பங்கையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். எனவே ஓர் ஊர் தாண்டிப் போகும் பயணமென்றால், புறப்படும்போதே மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, ஊர்களுக்குள் நுழையும்போது விடுவிப்பது நல்லது. சென்னைக்குப் போகும்போது தாம்பரத்திற்குப் பிறகு பயன்படுத்துவதற்கென்று முழு பேட்டரியையும் நான் அப்படியே கொண்டுபோகிறேன். ஆனால் ஓடிக்கொண்டே எஞ்சினால் பேட்டரியை நிரப்பும் இன்னொரு முறையும் பல வண்டிகளில் உண்டு. அதைத் தொடாமலிருப்பதே பெரும்பாலும் லாபம். பெட்ரோலை மின்சாரமாக்கி, அதை பேட்டரியில் அடைத்து, மீண்டும் எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சிந்துகிறது.

இப்போது, உயிருக்கே ஆபத்தான தவறுக்கு வருகிறேன். நம் ஊர் ஓட்டுவீடுகளிலும், ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன் ஒயரிங் செய்த மச்சுவீடுகளிலும், வாசல் பக்கம் இருப்பது ஒரு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய கம்பிதான். அங்கிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டியை நீட்டி வண்டியைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும், இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம் சூடாகும். வண்டியின் சார்ஜர் 10 ஆம்பியரை ஐந்தாறு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். என் வீட்டில் புதிதாகத்தான் 15 ஆம்பியர் பாயின்ட் போட்டிருந்தது. இருந்தும், மலிவான சாக்கெட் என்பதால் இரண்டே மாதத்தில் அதன் முகம் பழுப்பேறி, பிளக்கைத் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. மெயின் போர்டிலிருந்து வண்டிக்கென்று தனிக் கம்பி, மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., தரமான சாக்கெட் ஆகிய நான்கும் இல்லாமல் ஒரு நாள் இரவுகூட சார்ஜ் போடக் கூடாது. வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாவிட்டால் அதையும் மின்வாரியத்தில் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து வேலை செய்ய மறுக்கும். அது பழுது அல்ல, காவல். எனக்கு அப்படி எரிந்தபோது வந்த வயர்மேன், "ஐயா, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த்தில் போட்டுவிட்டால் பச்சை விளக்கு வந்துவிடும்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பிறகு என்றைக்காவது நியூட்ரல் கம்பி எங்கேயாவது அறுந்தால், வண்டியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். மழையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கிறவரின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டெல்டாவின் களிமண்ணில் ஈரம் நிற்பதால் ஆழமாகப் புதைத்த எர்த் இங்கே நன்றாகவே வேலை செய்யும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது மட்டும் குழியில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். அந்தக் குழியை வெட்டச் சோம்பல்பட்டு விளக்கை ஏமாற்றும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

குறுவைக்கு நாற்றுவிடும் நாள்களில் பம்புசெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது கிராமங்களில் மின்னழுத்தம் சரிகிறது. அப்போது சார்ஜர் பாதியில் நின்றுவிடுவது இயல்பு. வண்டியின் அமைப்பில் ஆம்பியரைக் குறைத்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் ஏற்றிக்கொள்ளலாம். வீட்டு இன்வெர்ட்டரில் செருகிப் பார்ப்பது வீண் முயற்சி.

மின்சாரத்திலேயே ஓட்டுகிறவர்கள் மறந்துபோவது பெட்ரோலை. சித்திரையில் நிரப்பிய டேங்க் ஆடி வரைக்கும் அப்படியே இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பெட்ரோலும் மாதக் கணக்கில் கிடந்தால் தரம் கெடும். இதை உணர்ந்துதான், 2010-இல் அமெரிக்காவில் வந்த செவ்ரோலே வோல்ட் வண்டியில், எஞ்சின் ஆறு வாரம் ஓடாமலிருந்தால் தானாகச் சிறிது நேரம் ஓடும்படியும், டேங்க்கில் உள்ள பெட்ரோல் ஓராண்டு பழையதானால் அதை எரித்துத் தீர்க்கும்படியும் அமைத்தார்கள். எல்லா வண்டியிலும் அந்த ஏற்பாடு இருக்கும் என்று நம்பக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எஞ்சின் முழுச் சூடு ஏறும் அளவுக்கு அரை மணி நேரமாவது வெளிச்சாலையில் ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் எண்ணெயில் ஈரம்தான் சேரும். எஞ்சின் ஓடிய தூரம் குறைவு என்று எஞ்சின் எண்ணெயைத் தள்ளிப்போடுவதும் தவறு. ஓராண்டு ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

ஆகவே டேங்க்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதை நான் பாதி ஆண்டுக்கு மட்டுமே ஏற்கிறேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாவிட்டால் பங்க்கின் பம்பும் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓட வேண்டும். ஐப்பசி பிறந்தவுடன் டேங்க்கை நிரப்பிவிடுவதும், தை வந்தபின் அதைக் கரையவிடுவதும் இந்த மண்ணுக்கு ஏற்ற வழக்கம். பங்க்கில் ஒரு சிறு குறிப்பு: இந்த வகை வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் ஆவி வெளியேறாதபடி டேங்க் அழுத்தத்தில் மூடப்பட்டிருக்கும்; பொத்தானை அழுத்திச் சில நொடி பொறுத்தால்தான் மூடி திறக்கும். பங்க்கில் வேலை செய்யும் தம்பி நெம்புவதற்கு முன்னால் நீங்கள் இறங்கிச் சொல்லிவிடுங்கள்.

சாலைக்கு வருவோம். சம்பா அறுவடைக்குப் பின் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் அறுவடையாகும்போது, வண்டிகள் ஏறிப் போகட்டும் என்று செடியோடு சாலையில் பரப்பிவைக்கிறார்கள். காய்ந்த அந்தச் செடி வண்டிக்கு அடியில் சுற்றிக்கொள்ளும். மின்சாரத்தில்தான் ஓடுகிறோம், அடியில் சூடு இல்லை என்று நினைப்பது இந்த வண்டிக்கே உரிய தவறு. பேட்டரி தீர்ந்தாலோ, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தாலோ எஞ்சின் சொல்லாமல் விழிக்கும், புகைக்குழாய் சில நிமிடங்களில் செடியைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். அப்படிப்பட்ட பரப்பைக் கடந்தால் இறங்கிக் குனிந்து பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். இதற்கு நேர்மாறான ஆபத்து மௌனம். முதுகைக் காட்டிக்கொண்டு நெல்லைக் கிளறிவிடும் அம்மாவுக்கு, மெதுவாக வரும் மோட்டாரின் ஓசை கேட்காது. தொலைவிலேயே ஒரு முறை ஹார்ன் அடித்துவிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு நகருங்கள். அறுவடை முடிந்த வயல்களிலிருந்து வரும் எலிகளுக்கும் இந்த வண்டி பிடிக்கும். ஆரஞ்சு நிற உறை போட்ட உயர் அழுத்தக் கம்பியைக் கடித்திருந்தால் அதை நீங்களோ தெருமுனை மெக்கானிக்கோ தொடக் கூடாது.

பேட்டரிப் பெட்டி ஐபி67 தரத்தில் அடைக்கப்பட்டது என்று விளம்பரங்கள் சொல்வதைக் கேட்டு, ஐப்பசி வெள்ளத்தில் இறங்குகிறவர்களும் உண்டு. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்ந்திருந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதே அந்த எண்ணின் பொருள். அது பெட்டிக்குத்தான், எஞ்சினின் காற்றுக்குழாய்க்கு அல்ல. தண்ணீர் ஏறிய வண்டியைக் காயவைத்து சார்ஜ் போட்டுப் பார்ப்பதும், சக்கரம் உருளும்படி கயிறு கட்டி இழுப்பதும் பெரும் தவறுகள். சக்கரம் சுழன்றால் அதனோடு இணைந்த மோட்டாரும் சுழன்று மின்சாரம் பிறப்பிக்கக்கூடும். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியைத்தான் அழைக்க வேண்டும்.

நாகூர், வேளாங்கண்ணிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தட்டுகள் அதிகம் உரசுவதில்லை, உப்புக்காற்றில் துருவேறும். வாரம் ஒரு முறை வெறுஞ்சாலையில் சற்று அழுத்திப் பிரேக் பிடியுங்கள். பல மாடல்களில் ஸ்டெப்னி இருந்த இடத்தை பேட்டரி பிடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் பஞ்சராவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, எத்தனை பெரிய பேட்டரி இருந்தாலும் இந்த வண்டியை விழிக்கச் செய்வது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கிவிட்டால் முழு சார்ஜும் முழு டேங்க்கும் இருந்தும் வண்டி அசையாது. ஒரு மாதம் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய இரவு எனக்கு அப்படி ஆயிற்று. 12 வோல்ட் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கி திறப்பது மின்சாரத்தில். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து ஓட்டுநர் கதவைத் திறந்து, பானெட்டுக்கு அடியிலுள்ள முனைகளில் கம்பி கொடுத்தால் எழுப்பிவிடலாம் என்பதை, டார்ச் வெளிச்சத்தில் கையேட்டின் 300-க்கு மேற்பட்ட பக்கங்களைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். அந்த முனைகள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே பகலில் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.