டிவிடி தயாரிப்பில் பிழை எந்தப் படியில் நேர்கிறது என்று கண்டறியும் முறை

தருமபுரிப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்தையும், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எருது விடும் விழாவையும் பதிவு செய்து கொடுப்பவர்களிடம் டிவிடி கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வட்டு சரியாக ஓடாதபோது பலரும் முதலில் செய்வது மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான். பெரும்பாலும் அதனால் பயன் கிடைப்பதில்லை. எடிட்டிங், ரெண்டர் (வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோ கோப்பாக்குவது), ஆத்தரிங் (மெனுவுடன் டிவிடி வடிவில் அமைப்பது), ஐஎஸ்ஓ கோப்பு (வட்டின் முழுப் பிரதியான ஒற்றைக் கோப்பு), பர்ன் (அதை வட்டில் எழுதுவது) என்று இந்த வேலை ஐந்து படிகளாக நடக்கிறது. ஒவ்வொரு படியின் முடிவிலும் கிடைக்கும் கோப்பை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பார்த்து, பிழை எந்தப் படியில் முதன்முதலாகத் தென்படுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அமைப்புகளில் கைவைக்க வேண்டும்.

மிகுதியாக வரும் புகார், படமும் ஒலியும் விலகிப் போவது. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் கழிந்த பிறகு பார்த்தால் மத்தளம் ஒரு பக்கமும் கூத்தாடியின் சலங்கைக் கால் இன்னொரு பக்கமுமாக இருக்கும். எனக்கு இது முதலில் நேர்ந்தபோது டைம்லைனில் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி நகர்த்தியே இரண்டு இரவுகளைக் கழித்தேன். காரணம் எடிட்டிங்கில் இல்லை, மூலப் பதிவிலேயே இருந்தது. கைப்பேசிகள் பொதுவாக மாறும் ஃபிரேம் வேகத்தில், அதாவது வினாடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்ற கணக்கு நிலையாக இல்லாமல், பதிவு செய்கின்றன. வெளிச்சம் குறையும்போது வினாடிக்கு 30 ஃபிரேம் என்பது அதற்கும் கீழே இறங்கக்கூடும். வேகம் மாறாது என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் படத்தின் நீளம் மாறிவிடுகிறது, ஒலியின் நீளம் மாறுவதில்லை. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் வேகம் ‘வேரியபிள்’ என்று காட்டினால், எடிட்டிங்கில் சேர்ப்பதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட்’ என்ற தேர்வுடன் மாற்றிக்கொள்ளுங்கள். பின்னணிக்கு எடுக்கும் எம்பி3 பாடல்களின் மாதிரி வேகம் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸாக இருக்கும். டிவிடிக்கு வேண்டியது 48 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அவற்றையும் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

ஆத்தரிங் மென்பொருள் கோப்பை ஏற்க மறுத்தாலோ, ஏற்றுக்கொண்டு மறுபடியும் பல மணி நேரம் மாற்றிக்கொண்டிருந்தாலோ, ரெண்டர் அளவுகள் டிவிடியின் விதிக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். நம் நாட்டில் வழக்கமான பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் எம்பெக்-2 வடிவம், 720×576 அளவு, வினாடிக்கு 25 ஃபிரேம் என்பதே கணக்கு. 720×480 அளவும் 29.97 ஃபிரேமும் என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்றொரு தொலைக்காட்சி முறைக்கு உரியவை. ஒரே வட்டில் இரண்டையும் கலக்கக் கூடாது.

படம் கட்டம் கட்டமாக உடைவது பிட்ரேட், அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் ஒதுக்கும் தரவின் அளவு, சார்ந்த சிக்கல். ஒற்றை அடுக்கு வட்டின் 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட். விண்டோஸ் அதையே 4.38 ஜிபி என்று காட்டும். இரண்டு மணி நேரத்துக்கு, அதாவது 7,200 வினாடிகளுக்கு, அதைப் பகிர்ந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் வரும். ஒலிக்கும் மெனுவுக்கும் ஒதுக்கியது போகப் படத்துக்கு 4.8 வைக்கலாம். கூத்து மேடையைப் போல அசையாத பின்னணிக்கு இது தாராளம். ஒகேனக்கல் அருவியின் முன் எடுத்த காட்சிக்கோ போதாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு நீர்த்துளியும் இடம் மாறுகிறது. விடிய விடிய நடக்கும் எட்டு மணி நேரக் கூத்தை இரண்டு வட்டுகளில் திணிக்காமல் நான்காகப் பிரித்துக் கொடுப்பதே அந்தக் கலைஞர்களின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன். மறுபக்கம், இடம் இருக்கிறது என்று ஒரு மணி நேரப் படத்துக்கு உச்ச வரம்பான 9.8 வரை ஏற்ற வேண்டாம். பழைய பிளேயர்கள் திணறும், 8 போதுமானது.

ஓடும் எருதின் விளிம்பில் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் தெரிந்தாலும், படம் முன்னும் பின்னும் துடித்தாலும் ஃபீல்டு வரிசையைச் சரிபாருங்கள். இண்டர்லேஸ் பதிவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளைக் கொண்ட இரண்டு பாதிகளாக வரும், அந்தப் பாதிதான் ஃபீல்டு. மினி டிவி (MiniDV) நாடாவில் பதியும் பழைய கேமராவில் கீழ்ஃபீல்டு முதலில் வரும். எச்டி கேமராக்களின் இண்டர்லேஸ் பதிவில் மேல்ஃபீல்டு முதலில் வரும். மூலத்தில் உள்ள வரிசையே ரெண்டர் அமைப்பிலும் இருக்க வேண்டும்.

மெனுவில் ‘கொ’ என்ற எழுத்து கொம்பும் காலுமாகச் சிதறினால், அந்தப் பழைய மென்பொருளுக்கு யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். தலைப்பை வேறொரு மென்பொருளில் எழுதிப் பிஎன்ஜி படமாகச் சேர்த்துவிடுங்கள். கோப்புறைப் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளிலேயே வையுங்கள். காரணம் சொல்லாமல் நின்றுபோகும் பல திட்டங்கள் அதன் பிறகு ஓடியிருக்கின்றன. இடம் இருந்தும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்ற செய்தி வந்தால், அந்த டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஆகவே என்டிஎஃப்எஸ் டிரைவுக்கு மாறுங்கள்.

ஐஎஸ்ஓ கோப்பு முழுவதும் சரியாக ஓடி, வட்டு மட்டும் திக்கினால், குறை பர்ன் செய்ததில் இருக்கிறது. வட்டு எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் (ImgBurn) வேகத்தை 4 அல்லது 8 மடங்குக்கு இறக்கி, சரிபார்க்கும் தேர்வை இயக்கி, யுபிஎஸ் இணைப்பில் எழுதுங்கள். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், மலிவான வட்டுகளின் குறை வெளி விளிம்பில்தான் அதிகம் வெளிப்படுகிறது. இரவுக் கூத்தின் நான்காம் வட்டில், துரியோதனன் வீழும் படுகளக் காட்சி அந்த விளிம்பில்தான் வந்து அமையும். ஆகவே 200 எம்பி அளவு இடத்தைக் காலியாக விட்டு, கடைசி பத்து நிமிடங்களைச் சாதாரண டிவிடி பிளேயர் ஒன்றில் ஓட்டிப் பார்த்த பிறகு வட்டைக் கொடுங்கள்.