பழைய காரில் ஹெட்லைட் மங்கலா எரியுதுங்களா?

ராத்திரி ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறுவதற்கு முன்னாடி இதைச் சரி பண்ணிடுங்க. எஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியிலும் பல்பு கப்ளரின் (பல்பில் செருகும் ஒயர் பிளக்) பின்பக்கத்திலும் மல்டிமீட்டரால் வோல்ட் பாருங்க. 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பல்பு மேல் தப்பில்லை, கரண்ட் வரும் வழியில்தான் கோளாறு. வண்டியை அணைத்துவிட்டு, எர்த் போல்ட்டை (எர்த் ஒயரை வண்டி பாடியோடு இணைக்கும் போல்ட்) கழற்றி எமரி பேப்பரால் பளபளன்னு தேய்த்து இறுக்குங்க.

அப்பவும் மங்கலா? ரிலே (சுவிட்சிலிருந்து வரும் சிறு கரண்டை வைத்து பெரிய கரண்டை ஆன்-ஆஃப் பண்ணும் பாகம்) இல்லாத வண்டிகளில் இரண்டு பல்புக்குமான 9, 10 ஆம்பியர் முழுக்க சுவிட்ச் வழியாத்தான் போகும். காண்டாக்ட் கருகி, கப்ளர் பழுப்பேறி உருகியிருக்கும். சுவிட்சை மட்டும் மாற்றினால் அதுவும் கருகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 30 ஆம்பியர் ரிலே போட்டு, பேட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுங்க. வெளிச்சம் கூடட்டும்னு 100/90 வாட் பல்பு போடுவது வேண்டவே வேண்டாம்ங்க.