பகுதியில் ஓர் உணவு உதவி மையம்: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

உணவு உதவி மையம் ஒன்றைத் தொடங்க விரும்புவோர், இடம் தேடுவதற்கு முன் தங்கள் பகுதியில் ஏற்கெனவே யார் யார் உணவு வழங்குகிறார்கள் என்பதை இரண்டு வாரமாவது நேரில் சென்று கேட்டறிய வேண்டும். வழிபாட்டுத் தலங்கள், பள்ளிகள், முதியோர் சங்கங்கள், சிறு தொண்டு நிறுவனங்கள் எனப் பலரும் தனித்தனியே வழங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நாளில், அதுவும் வேலைக்குச் செல்வோர் வர இயலாத நேரத்தில் வழங்குவதும் உண்டு. யாரும் வழங்காத நாள் எது, வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் ஆகிய இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தால், புதிய மையம் தேவையா, இருக்கும் மையத்தோடு சேர்ந்து இன்னொரு நாளை ஏற்றுக்கொண்டால் போதுமா என்பது தெளிவாகிவிடும். பெரும்பாலும் பின்னதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்து, பெறப்போகிறவர்களிடம் கேளுங்கள். நான் முதன்முதலில் தொண்டு செய்த மையத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரியான பையைக் கட்டிக் கொடுத்துவந்தோம். ஒருநாள் முதியவர் ஒருவர் பையை மேசைமேல் வைத்து, தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக அடுக்கினார். "இதைத் திறக்க என்னிடம் ஒன்றும் இல்லை, சூடுபடுத்த அடுப்பும் இல்லை, வேறு யாருக்காவது பயன்படட்டும்" என்றார். பல மாதங்களாக அவர் அதே பையைத்தான் வாங்கிச் சென்றிருந்தார். நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அதன்பின் பொருள்களை அலமாரியில் பரப்பி, வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினோம். வீணாவதும் குறைந்தது.

உணவு வங்கி என்னும் ஏற்பாடே இப்படியொரு பேச்சிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரில் தொண்டு செய்துவந்த ஜான் வான் ஹெங்கலிடம், கடைகளின் குப்பைத் தொட்டிகளில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிவந்த ஒரு தாய், பணத்துக்கு வங்கி இருப்பதுபோல் உணவைப் போட்டு எடுக்கவும் ஓரிடம் வேண்டும் என்றார். 1967-இல் செயின்ட் மேரீஸ் உணவு வங்கி அங்கே தொடங்கப்பட்டது. உணவு வங்கி மொத்தமாகத் திரட்டிச் சேமித்துப் பிரித்தனுப்பும் கிடங்கு. உங்களுடையது மக்களின் கையில் கொடுக்கும் மையம். அருகில் அத்தகைய வங்கி இருந்தால் முதலில் அதில் உறுப்பினராகச் சேருங்கள்.

கடைகளிலிருந்து மிகுதிப் பொருள்களைப் பெறும்போது சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம் அமெரிக்காவில் 1996-இல் வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் உண்ணத்தக்க உணவை அழிப்பதற்கு பிரான்ஸ் 2016-இல் தடை விதித்தது. உங்கள் நாட்டின் விதியை ஒரு பக்கத்தில் எழுதிக் கையோடு எடுத்துச் சென்றால் கடைக்காரரின் தயக்கம் பாதி நீங்கும்.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு கூடாது. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். ஆகவே முதல் செலவாக ஒரு நல்ல வெப்பமானியை வாங்குங்கள். உப்பிய டப்பாவைத் தயங்காமல் அகற்றுங்கள். 'இத்தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பு எல்லை. 'இத்தேதிக்கு முன் சிறந்தது' என்பது தரத்தைக் குறிப்பது. முன்னதைக் கடந்தவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வருவோரிடம் பெயரும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் கேட்டால் போதும். காத்திருக்க நாற்காலியும் நேரம் குறித்த சீட்டும் கொடுங்கள். உணவு வாங்கும் கையைப் படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். தன் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்களோ என்ற அச்சத்திலேயே ஒரு தாய் பட்டினியைத் தேர்ந்தெடுக்கக்கூடும்.

நிர்வாகக் குழுவில் உணவு பெறுவோர் இருவருக்காவது வாக்குரிமையுடன் இடம் அளியுங்கள். அவர்களால் வர முடிகிற நேரத்தில் கூட்டம் வைத்து, போக்குவரத்துச் செலவையும் மையமே ஏற்க வேண்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, மாதந்தோறும் வாசலில் ஒட்டப்படும் வரவு செலவு ஆகியவை நம்பிக்கையைக் காக்கும்.

உங்கள் பதிவேடு உள்ளாட்சி மன்றத்திலும் பேசும். எத்தனை குடும்பங்கள் வந்தன, எத்தனை பேர் வெறுங்கையுடன் திரும்பினர், எந்த மாதத்தில் வருவோர் எண்ணிக்கை கூடியது என்பவற்றை ஒரே தாளில் எழுதி, மன்றத்தின் வரவு செலவுத் திட்டம் முடிவாவதற்கு முன்பே அதன் உறுப்பினர்களிடம் கொடுங்கள். பொதுக் கூட்டத்தில் பேசச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், சேமிப்பு அறையோ மாலை நேரப் பேருந்தோ, ஒரே ஒரு கோரிக்கையை முன்வையுங்கள். உணவு பெறுபவர் தாமே பேச விரும்பினால் அவரே பேசட்டும், வற்புறுத்தல் கூடாது. எந்தக் கட்சிக்கும் உணவின் பெயரால் வாக்குக் கேட்க இடம் கொடுக்காதீர்கள். வாக்காளர் பதிவு பற்றிய தகவலை வைக்கலாம், ஆனால் அதைப் படிக்காதவருக்கும் அதே அளவு உணவுதான்.

மன்றம் அளித்த பதிலை, அது மறுப்பாக இருந்தாலும், அடுத்த கூட்டத்தின் தேதியோடும் அதற்குச் செல்லப்போகிறவர்களின் பட்டியலோடும் சேர்த்து அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.